கரையும் கரை

மலை கொடுத்த மணலை ஆறு சுமந்து வந்தது. கடல் அதைப் பரப்பி வைத்தது. திருவனந்தபுரத்தின் கடற்கரை பிறந்த கதை இவ்வளவுதான். அந்த மணல் வரவு குறைந்தபோது கடல் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

பரசுராமர் கோடரியை வீசினார். அது போய் விழுந்த இடம் வரை கடல் பின்வாங்கியது. கேரளம் பிறந்தது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கரமனை ஆற்றங்கரையிலுள்ள திருவல்லத்தில் அந்தப் பரசுராமருக்கு ஒரு பழைய கோயில் இருக்கிறது. கர்க்கடக மாத அமாவாசையன்று முன்னோருக்குப் பலியிட ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே கூடுகிறார்கள். அந்தக் கோயிலைத் தாண்டிச் சற்று தூரத்தில் ஆறு கடலில் கலக்கிறது. அங்கிருந்து கடலோரமாக வடக்கே போனால் புராணம் தலைகீழாக நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். பூந்துறை, பீமாப்பள்ளி, செறியதுறை, வலியதுறை, சங்குமுகம் என்று வரிசையாக ஊர்கள். கொடுத்த நிலத்தைக் கடல் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறது.

முன்பு கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே பல வரிசை வீடுகள் இருந்ததாக இந்த ஊர்களில் வயதானவர்கள் சொல்கிறார்கள். இன்று பல இடங்களில் கருங்கல் சுவர், அதையடுத்து அலை. வள்ளத்தை ஏற்றி வைக்க இடமில்லை. கரமடி வலையை இழுக்க, மீனை உலர்த்த, வலையைப் பிரித்துப் போட இடமில்லை. நகரவாசிகளுக்குக் கடற்கரை மாலை நேரக் காற்று. மீனவனுக்கோ அது பட்டறை, களம், முற்றம் எல்லாம். அது போனால் வீடு மட்டுமல்ல, தொழிலும் போகிறது.

டெல்டா இல்லாத ஆறுகள்

இந்தக் கடற்கரை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அது எங்கே போகிறது என்பதும் புரியும். தமிழ்நாட்டு வாசகருக்கு ஆறு கடலில் சேரும் இடம் என்றதும் தஞ்சாவூர்ச் சமவெளிதான் நினைவுக்கு வரும். காவிரி வேகம் குறைந்து, கொள்ளிடமாகவும் வெண்ணாறாகவும் அரசலாறாகவும் பிரிந்து, சுமந்து வந்த வண்டலை விசிறிபோல் பரப்பியதால் உண்டான நிலம் அது. டெல்டா என்ற சொல்லே கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர். நைல் ஆற்றின் முகத்துவார நிலம் அந்த முக்கோண எழுத்தைப்போல் இருந்ததால் வந்த பெயர்.

டெல்டா நிலம் ஒருமுறை உண்டாகிவிட்டால் அப்படியே நிலைத்திருக்கும் என்று நினைப்பது தவறு. புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். மேலே அடுத்த படிவு சேரச் சேர அந்தத் தண்ணீர் பிழியப்பட்டு வெளியேறுகிறது, சேறு இறுகுகிறது, நிலம் தாழ்கிறது. பூமியடியிலிருந்து தண்ணீரையோ எண்ணெயையோ எரிவாயுவையோ உறிஞ்சினால் இன்னும் வேகமாகத் தாழும். ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவந்து போடும் புதிய வண்டல்தான் இந்த இறக்கத்தை ஈடுகட்டுகிறது. ஆறும் ஒரே வழியில் ஓடுவதில்லை. தான் போட்ட மண்ணே தனக்கு மேடாகிவிட, பள்ளம் தேடிப் புது வழி வெட்டிக்கொள்கிறது. கைவிடப்பட்ட பழைய கிளையின் முகத்தைக் கடல் அரிக்கத் தொடங்குகிறது. ஒரு பக்கம் வளரும், மறு பக்கம் கரையும்.

அணைகள் இந்தக் கணக்கை மாற்றிவிட்டன. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரி வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே தங்குகிறது. எகிப்தில் 1970-ல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் நைலின் ரொசெட்டா முகத்துவாரம் வேகமாகப் பின்வாங்கியது. உலகின் 33 பெரிய டெல்டாக்களைப் பற்றி 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவை கடல் மட்டம் உயர்வதைவிட வேகமாகத் தாழ்ந்து வருவதாகக் கூறியது. காரணம் பெரும்பாலும் மனிதர்கள்தான்.

கேரளத்தில் 44 ஆறுகள். அவற்றில் 41 மேற்கே ஓடுகின்றன. ஆனால் ஒன்றுகூடத் தஞ்சாவூரைப்போல் ஒரு டெல்டாவை உண்டாக்கவில்லை. மலைக்கும் கடலுக்கும் இடையே தூரம் குறைவு என்பதால் ஆறுகள் குட்டையானவை. நெய்யாற்றின் நீளம் 56 கிலோமீட்டர், கரமனை ஆறு 68, வாமனபுரம் ஆறு 88. இன்னொரு காரணம், எதிரே நிற்கும் கடல். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடலின் அலைகள் இந்தக் கரையை நேரே வந்து அறைகின்றன. அதிலும் கேரளக் கடலோரத்தில் அலையின் வலிமை மிகுந்த பகுதி திருவனந்தபுரம்தான். வடக்கே போகப் போகக் குறையும். ஆறு ஒரு குவியல் மணலைக் கொண்டுவந்து வைத்தால், அது விசிறியாக விரிவதற்கு முன்பே அலை அதை வாரிக் கரையோரமாக இழுத்துப் பரப்பிவிடுகிறது.

ஆக, டெல்டா இல்லாமல் இல்லை, நீட்டி விரிக்கப்பட்டிருக்கிறது. அகலமான விசிறிக்குப் பதில் நீளமான ஒரு நாடா. அதற்குப் பெயர்தான் கடற்கரை. நாடாவுக்குப் பின்னால் சிக்கிய தண்ணீர் காயல். நாடா அறுந்து ஆறு கடலைத் தொடும் வாய்க்குப் பெயர் பொழி. கோடையில் அலை மணலைத் தள்ளிப் பொழியை அடைக்கும்; மழையில் ஆறு அதை உடைக்கும். சில நேரம் ஊருக்குள் வெள்ளம் ஏறாமலிருக்க மனிதர்கள் உடைத்துவிடுவார்கள். வேளிப் பொழியும் பூந்துறைப் பொழியும் சரியாகத் திறந்திருந்தால்தான் தலைநகரத்தின் மழைநீர் வடியும்.

மலையின் முகவரி

மணல் மலையிலிருந்துதான் வந்தது என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. தெற்கு எல்லையில் நடந்தாலே போதும், மணலில் ஆங்காங்கே கறுப்புத் திட்டுகள் தெரியும். இல்மனைட், மோனசைட், சிர்கான், கார்னெட் போன்ற கனிமங்கள் அவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் உளுத்து, ஆறுகளில் உருண்டு, கடலில் சலிக்கப்பட்டு, கனமானவை கரையில் ஒதுங்கியவை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டறிந்தார். அங்கே இன்றும் மத்திய அரசின் அரிய மணல் ஆலை இயங்குகிறது. திருவனந்தபுரத்து வேளியில் இருக்கும் டைட்டானியம் ஆலைக்கும் மூலம் இதே கறுப்பு மணல்தான்.

ஆனால் மலையிலிருந்து வரும் வழியில் பல கதவுகள் மூடப்பட்டுவிட்டன. கரமனை ஆற்றில் தலைநகரத்தின் குடிநீருக்காக 1930-களில் அருவிக்கரையில் தடுப்பு வந்தது. மேலே பேப்பாறை அணை 1983-ல். நெய்யாறு அணை 1958-ல். தண்ணீருக்காகக் கட்டப்பட்டவை இவை. ஆனால் தண்ணீரோடு மணலையும் நிறுத்திவிட்டன. அருவிக்கரை நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. கடலுக்குப் போக வேண்டியது குடிநீர்த் தொட்டியின் அடியில் கிடக்கிறது.

அணைக்குக் கீழே தப்பி வந்த மணலை லாரிகள் எடுத்துக்கொண்டன. வளைகுடாப் பணம் வீடுகளாக எழுந்த காலத்தில் கேரளத்தின் ஆறுகள் எல்லாம் மணல் குவாரிகளாயின. ஆற்றின் படுகை இறங்கியது, பாலங்களின் அடித்தளம் வெளியே தெரிந்தது, கிணறுகள் வற்றின. 2001-ல் மாநில அரசு ஆற்றுக்கரைப் பாதுகாப்பு மற்றும் மணல் அள்ளுவதை முறைப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் ஆழமான குழியை ஆறு முதலில் நிரப்பிக்கொள்ளும். மிச்சம் இருந்தால்தான் கடலுக்கு. மலையோரத்தில் யாரோ ஒருவர் கட்டிய மாடியின் விலையைக் கடலோரத்தில் இன்னொருவர் கொடுக்கிறார்.

வடக்கே நடக்கும் மணல்

கடலை அடைந்த மணலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை கரையை நேராகத் தொடாமல் சாய்வாகத் தொடுகிறது. ஒவ்வொரு அலையும் மணல்பொடியைச் சற்றுச் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும் நீர் அதை நேராகக் கீழே இழுக்கிறது. இப்படிக் கோணல்மாணலாக மணல் கரையோரமாக நடக்கிறது. பருவத்துக்குப் பருவம் திசை மாறினாலும், திருவனந்தபுரம் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நடை பெரும்பாலும் வடக்கு நோக்கித்தான்.

இதோடு இன்னொரு நடையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரிய அலைகள் கரை மணலை வாரிக் கடலுக்குள் சற்றுத் தள்ளி ஒரு திட்டாகச் சேமித்து வைக்கும். மழை ஓய்ந்ததும் சிறிய, சாந்தமான அலைகள் அதைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவரும். சங்குமுகம் மக்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆடியில் காணாமல் போன கடற்கரை தையில் திரும்பியிருக்கும். ஆனால் 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலை ஒட்டிய ஆண்டுகளில் கடன் வாங்கிய கடல் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியது. மணல்மேடு போயிற்று. விமான நிலையத்துக்குப் போகும் கடலோரச் சாலை 2021-ல் பெயர்ந்து விழுந்தது. அடியில் கான்கிரீட் தடுப்புச் சுவர் இறக்கிப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

சற்றுத் தெற்கே வலியதுறைக் கடல்பாலமும் இதே கடலுக்கு இரையாயிற்று. அங்கிருந்த பழைய பாலத்தில் 1947-ல் ஒரு கப்பல் மோதிச் சிதைத்தது; 1956-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது. திருவனந்தபுரத்துக்குப் பெரிய துறைமுகம் இல்லாத நாளில் முந்திரியும் கயிறும் இந்தப் பாலம் வழியாகத்தான் தோணியேறின. சரக்கு நின்றபிறகு ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்பட்டது. 1978-ல் நிறுவப்பட்ட, இன்று தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம் என்று ஆக்குளத்தில் இயங்கும் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1980-களில் அலைகளை அளந்தது இங்கேதான். 2021 மே மாதம் டவ்தே புயலின் அலையில் பாலம் சாய்ந்தது. 2024-ல் இரண்டாகப் பிளந்தது.

கல்லுக்கு இரு முகம்

நடக்கும் மணலுக்குக் குறுக்கே கல் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் சென்னையிலேயே பார்த்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் தெற்கில் தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கடலுக்குப் போயின. ஒரு நகரம் பெருமைப்படும் கடற்கரையும் அதே நகரம் மறக்கும் கடலரிப்பும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் இதே கதை நடந்தது. நகரத்தின் கடற்கரை போய்க் கருங்கல் மிஞ்சியது.

முதலப்பொழியில் இந்தப் பாடத்தை மிகத் தெளிவாகப் படிக்கலாம். வாமனபுரம் ஆறும் கடினங்குளம் காயலும் கடலில் சேரும் வாய் அது. மீன்பிடித் துறைமுகத்துக்காக இருபுறமும் புலிமுட்டு எனப்படும் கற்சுவர்கள் போடப்பட்டன. தெற்கே பெருமாதுறையில் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே தாழம்பள்ளியிலும் அஞ்சுதெங்கிலும் வீடுகள் விழுந்தன. நடுவிலிருந்த வாயிலும் மணல் மூடி அலை உடைந்தது. வலை வீசிவிட்டுத் திரும்பும் வள்ளங்கள் அங்கே கவிழ்ந்து பல உயிர்கள் போயின. 2025 ஏப்ரலில் வாய் முழுவதும் அடைபட்டு மீனவர்கள் தெருவில் இறங்கினார்கள். கண்ணூரிலிருந்து மணல்வாரிக் கப்பல் கொண்டுவரப்பட்டது. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் தாமிரபரணி முகத்துவாரத் துறைமுகத்திலும் இதே விபத்து, இதே வழக்கு, இதே கண்ணீர். மாநில எல்லைக்கல் மணலுக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விவாதம் விழிஞ்ஞம். ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்து, பாண்டியரும் சோழரும் மாறி மாறிக் கண் வைத்த ஊர் அது. கரைக்கு அருகிலேயே 18 முதல் 20 மீட்டர் இயற்கை ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை பக்கத்தில். 2015 டிசம்பரில் பெரிய துறைமுகப் பணி தொடங்கியது. கடலுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவர் எழுந்தது. 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் வந்தது. 2025 மே 2-ல் பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

துறைமுகத்துக்குத் தெற்கே அடிமலைத்துறையில் கரை அகன்றது, வடக்கே குறைந்தது. சுவர்தான் காரணம் என்றார்கள் மீனவர்கள். இங்கே பாறை முனைகள் உள்ளதால் மணல் நடமாட்டமே குறைவு; அரிப்பு துறைமுகத்துக்கு முன்பே இருந்தது; புயல்களின் எண்ணிக்கை கூடியது; கடற்சுவர்களும் காரணம் என்றது துறைமுகத் தரப்பு. இரண்டுமே வெறும் வாதங்கள் அல்ல. பூந்துறையிலும் வலியதுறையிலும் துறைமுகம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கடல் வீடுகளைத் தொட்டது உண்மை. மூன்று கிலோமீட்டர் கல் கடலில் எதையும் மாற்றாது என்று சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. 2016-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் துறைமுகத்துக்கு அனுமதி கொடுத்தபோதே, கரையைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது.

2022 ஆகஸ்டில் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர்கள் துறைமுக வாயிலை முற்றுகையிட்டார்கள். வேலையை நிறுத்திவிட்டு ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் பழைய சரக்குக் கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் துணித் தடுப்புகளுக்குள் குடியிருந்த காட்சி அந்தப் போராட்டத்துக்கு வலுச் சேர்த்தது. அரசு நிபுணர் குழு அமைத்தது; வாடகைக்கு மாதம் 5,500 ரூபாய் தருவதாகச் சொன்னது. டிசம்பர் 6-ல் போராட்டம் முடிந்தது. நின்றிருந்த வேலை மீண்டும் தொடங்கியது.

கரை யாருடையது?

கேரளத்தின் கடற்கரை சுமார் 590 கிலோமீட்டர். அதில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பங்கு 78. சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாட்டின் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிக்கப்படுவதாகத் தெரிந்தது. கேரளத்தில் அது 46 சதவீதத்துக்கு மேல்.

பல ஆண்டுகளாக அரசுகளிடம் இருந்த ஒரே மருந்து கருங்கல். மலையை உடைத்து லாரியில் கொண்டுவந்து கடலில் கொட்டுவது. மணலாக வர வேண்டிய மலை கல்லாக வருகிறது. கல் சுவர் தனக்குப் பின்னால் இருக்கும் வீட்டைச் சில காலம் காக்கும். ஆனால் மோதும் அலை முன்னால் இருக்கும் மணலைத் தோண்டி எடுத்துவிடும். சுவரின் முனையில் தொடங்குகிறது அடுத்த ஊரின் அரிப்பு. ஓர் ஊருக்குச் சுவர் வந்தால் அடுத்த ஊரும் சுவர் கேட்டாக வேண்டும்.

இன்னொரு மருந்து, மக்களை நகர்த்துவது. அலையிலிருந்து 50 மீட்டருக்குள் வசிப்பவர்கள் வெளியேற, நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் தரும் 'புனர்கேஹம்' திட்டம் வந்தது. முட்டத்தறையில் 192 குடும்பங்களுக்கு 2018-ல் அடுக்கு மாடி வீடுகள் கொடுக்கப்பட்டன. கூரை உறுதி, சந்தேகமில்லை. ஆனால் கடலைப் பார்த்துக் காற்றின் திசையையும் மீன் கூட்டத்தையும் கணிப்பவன் கரையிலிருந்து தள்ளிப் போனால், வலையும் இயந்திரமும் எங்கே இருக்கும்? தலைநகருக்குள் 10 லட்சத்தில் நிலமும் வீடும் எங்கே கிடைக்கும்? கேள்விகள் தீரவில்லை.

மூன்றாவது வழி, மணலை நடக்க விடுவது. நடக்க முடியாத இடத்தில் தூக்கிக் கொண்டுபோய் விடுவது. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு பக்கம் தேங்கும் மணலைக் குழாய் வழியாக மறு பக்கம் அனுப்பும் ஏற்பாடு 2001 முதல் நடந்துவருகிறது. புதுச்சேரியில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் ஒரு தடுப்பு வைத்த பிறகு, தலைமைச் செயலகத்தின் முன்னால் மீண்டும் மணல் தெரிந்தது. பூந்துறையிலும் கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் மணல் நிரப்பிய பெரிய பைகளை இறக்கி அலையின் வேகத்தைத் தணிக்கும் முயற்சியை அதே கழகத்தின் உதவியுடன் கேரளம் தொடங்கியது. எல்லாமே செலவு பிடிப்பவை. ஒருமுறை செய்து விட்டுவிட முடியாதவை. ஆறு இலவசமாகச் செய்துவந்த வேலைக்கு இப்போது சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது என்பதுதான் மிச்சமிருக்கும் வழக்கு. அணையின் தண்ணீரைக் குடித்த நகரமா, ஆற்று மணலில் வீடு கட்டிய மலையோரமா, சுவர் போட்ட துறைமுகமா? இதுவரை கொடுத்துவந்திருப்பவர்கள் இந்த மூன்றில் எதிலும் பெரிய பங்கில்லாத கடலோரத்து மக்கள். அவர்கள் கொடுத்தது வீடாகவும் கரையாகவும் இருந்ததால் எந்த வரவு செலவுக் கணக்கிலும் அது ஏறவில்லை.

சங்குமுகத்துக்கு ஆண்டுக்கு இருமுறை, ஐப்பசியிலும் பங்குனியிலும், பத்மநாபசுவாமி ஆறாட்டுக்கு எழுந்தருளுகிறார். ஊர்வலம் விமான ஓடுபாதையைக் குறுக்காகக் கடந்து போகிறது. அந்தச் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்திவைக்கப்படுகின்றன. ஒரு பழைய வழிக்கு மரியாதை கொடுத்து நவீனப் போக்குவரத்தை ஒதுங்கி நிற்கச் சொல்லும் பண்பு இந்த நகரத்துக்கு இருக்கிறது. மலையிலிருந்து கடலுக்கும், தெற்கிலிருந்து வடக்குக்கும் போகும் மணலின் வழி அந்த ஊர்வலத்தைவிடப் பழையது. அதற்கும் வழிவிட்டால்தான், அடுத்த தலைமுறையில் ஆறாட்டுக்குக் கரை இருக்கும், வள்ளத்துக்கும் இருக்கும்.